பதக்கமும் காய்ச்சலும்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. நீளம் 3.7 கிலோமீட்டர். முதல்வனையும் இரண்டாமவனையும் பிரிக்க அங்கே ஒரு நொடியை ஆயிரம் கூறு போடுவார்கள். வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் அவ்வளவு நுட்பம் இல்லை. 75 சதவீதம் வருகை, அவ்வளவுதான்.

அண்ணா பல்கலைக்கழக விதிக்கும் இரக்கம் உண்டு. போட்டிக்குப் போனவருக்கும் நோயில் படுத்தவருக்கும் சான்றிதழ் காட்டினால் 65 வரை மன்னிப்பு. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்த புண்ணியவான் விஷயம் தெரிந்தவர்: பதக்கம் ஒரு வியாதி, மருந்துச் சீட்டு பயிற்சியாளர் தருவது. (டைபாய்டுக்கு அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடவேண்டியதில்லை.)

குகேஷ் கெட்டிக்காரர். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்கே போகவில்லை. 2024-இல், 18 வயதில், உலகச் சதுரங்க சாம்பியன். கல்லூரியில் சேர்ந்திருந்தால், “சிங்கப்பூரில் 14 ஆட்டமா? சரிப்பா, ரெக்கார்டு நோட்டு எங்கே?” என்றிருப்பார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தரும் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: எதற்காகச் சேர்த்தீர்களோ, அதற்காக விடுப்பும் கொடுங்கள்.