பக்கத்தில் என்ன இருக்கிறது?

தரங்கம்பாடியில் குடியிருப்பவனுக்கு விருந்தினர்க்குப் பஞ்சமில்லை. ஆனால் தரங்கம்பாடியைப் பார்ப்பதற்கென்றே வருகிற விருந்தினர் இன்னும் பிறக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஓவே ஜெட்டே என்ற டேனிஷ் தளபதி 1618-இல் பாய் விரித்துப் புறப்பட்டு, வழியெல்லாம் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்து, 1620-இல் இக்கரை வந்து சேர்ந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதம் பெற்று எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையை, என் சித்தப்பா திருச்சியிலிருந்து வந்த மறுநாள் காலை, பல்குச்சியும் கையுமாகத் தெருக்கோடியில் நின்றபடியே பார்த்து முடித்துவிட்டு, "சரி தம்பி, பக்கத்தில் என்னென்ன இருக்கிறது?" என்றார்.

பக்கத்தில் இருப்பவைதாம் எங்கள் ஊரின் துர்ப்பாக்கியம். வடக்கே திருக்கடையூரும் பூம்புகாரும், தெற்கே காரைக்காலும் திருநள்ளாறும், அதையும் தாண்டினால் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதாவுமாக, எந்த மதத்தவர் எந்தக் குறையோடு வந்தாலும் உடனே வண்டியேறிப் புறப்பட ஒரு முகாந்திரம் இருக்கிறது. 1706-இல் இங்கே வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்குவின் கல்லறை, கூப்பிடு தூரத்தில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருப்பதை நான் விநயமாக எடுத்துச் சொன்னேன். "அவர் எங்கே போய்விடப் போகிறார்? ஊருக்குத் திரும்புமுன் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் சித்தப்பா.

வாடகை வேன் முதலில் திருக்கடையூரில் நின்றது. மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த ஸ்தலம் ஆகையால், அறுபதும் எண்பதும் நிறைந்தவர்கள், உதை வாங்கியவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதை நேரில் ஊர்ஜிதம் செய்துகொள்ள வந்தவர்களைப் போல, பேரன் பேத்திகள் புடைசூழ அங்கே குவிகிறார்கள். எங்கு பார்த்தாலும் ஹோமம். ஒரு குடும்பத்தின் புகை அடுத்த குடும்பத்தின் கண்ணில். எண்பது வயது மாப்பிள்ளை ஒருவர் நடுங்கும் விரல்களால் தாலிக்கயிற்றோடு மல்லுக்கு நிற்க, மணப்பெண்ணாகிய பாட்டி கழுத்தை வாகாகச் சாய்த்துக் கொடுத்தபடி, "அன்றைக்கும் உங்கள் அக்காள்தானே முடிச்சுப் போட்டார்!" என்று சபையறியச் சொன்ன காட்சிக்காக மட்டுமே இன்னொரு முறை போகலாம். இதற்குள் போட்டோக்காரர் ஒருவர், எங்கள் சித்தப்பாவின் வேஷ்டியையும் வழுக்கையையும் கண்டு, கையைப் பிடித்திழுத்து யாரோ ஒருவருடைய குடும்பப் படத்தின் நடுவரிசையில் நிறுத்திவிட்டார். அந்த ஆல்பத்தில் அவர் இன்றும் யாருக்கோ பெரியப்பாவாக இருந்துவருகிறார்.

பூம்புகாரில் நெடுநேரம் நிற்கவில்லை. "பட்டினம் எங்கே?" என்று கேட்ட சிறுவர்களுக்குக் கடலைக் காட்டினேன், அவர்கள் என்னை நம்பவில்லை. சிலப்பதிகாரக் கலைக்கூடத்துச் சிற்பங்களை வரிசையாகப் பார்த்து வந்த சித்தி, புருஷன் பேச்சைக் கேட்டு மதுரைக்குப் புறப்பட்டதுதான் கண்ணகி செய்த பிழை என்று தீர்ப்பளித்தார். அருகிலிருந்த சித்தப்பா உடனே மேகங்களை ஆராயத் தொடங்கினார்.

பிற்பகல் தெற்கே திரும்பினோம். சித்தப்பாவுக்கு ஏழரை நாட்டுச் சனி நடப்பதாகச் சித்தியின் ஜோசியர் சொல்லியிருந்தபடியால், திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் அவர் தலையில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து முழுக்காட்டப்பட்டார். காரைக்காலில் அம்மையார் கோயிலைத் தரிசித்தோம். கயிலைக்குத் தலையாலேயே நடந்து போன அந்த அம்மையாரின் யாத்திரைக்கு முன், வேனில் ஜன்னலோர இருக்கைக்காகச் சண்டையிட்ட நாங்கள் எம்மாத்திரம்! அங்கே சித்தப்பா, பேரீச்சம்பழம் வாங்கி வருவதாகச் சொல்லிச் சிறிது நேரம் மறைந்து போனார். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது என்பதும், சில திரவபதார்த்தங்கள் அங்கே மலிவு என்பதும் உலகறிந்த விஷயம்.

நண்டலாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திய காவலர், சித்தியின் கைப்பையைத் திறந்து, ஈரத்துண்டில் சுற்றியிருந்த சீசாவை வெளியே எடுத்தார். மூடியைத் திருகி மோந்தார்; திருப்தியுறாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டார்; அவர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிச்சமிருந்த நல்லெண்ணெய்தான் என்று சங்கடத்தோடு திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு நேரமும் சித்தப்பா கண்களை இறுக மூடிச் சனீசுவர ஸ்தோத்திரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது, அவர் காலடியிலிருந்த பேரீச்சம்பழப் பை, எந்தப் பேரீச்சம்பழமும் எழுப்பாத ஓர் ஒலியை எழுப்பிற்று.

"ஏழரை இனிமேல்தான் ஆரம்பம்" என்றார் சித்தி.