விழுவதற்கு எவ்வளவு ஆகும்?

கேள்வி: பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. ஸ்கீயா, ஸ்னோபோர்டா? பர்ஸ் எவ்வளவு இளைக்கும்?

பதில்: எந்த மலையில் விழப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் வேல் மலையில், சீசன் உச்சத்தில் ஒருநாள் லிஃப்ட் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டும். விழாமலேயே வலிக்கும்!

காஷ்மீரின் குல்மார்க் போங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, சாதனம், வாத்தியார் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். சுமார் 13,000 அடி உயரத்துக்கு ஏற்றிவிடும் கோண்டோலாவை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவருக்கு அடிவாரச் சரிவே ஜாஸ்தி. பயிற்சி நிலையத்தில் சேராவிட்டாலும் பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிவிடாதீர்கள். பூட்ஸுக்குள் குதிகால் தூக்கினால் கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள். சொந்தக் காசில் வாங்க வேண்டியது நனையாத கையுறையும் நல்ல கம்பளி சாக்ஸும்.

ஸ்கீக்கும் ஸ்னோபோர்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் மாட்டிக்கொள்ளும். ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் உட்காரும் பயிற்சிதான். மணிக்கட்டுக்குக் காப்பு அவசியம். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் பொடி எழுத்தையும் படியுங்கள். பனிச்சறுக்கைப் பல பாலிசிகள் அங்கேதான் கழற்றிவிடுகின்றன.