மழைக்கு நின்ற மணிக்கூடு

2025 ஜூலை 27, தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். பாதை பாரிஸின் மொன்மார்த்ர் மேட்டில் மூன்று தடவை ஏறியது. மழை வேறு. வீரர்கள் வழுக்கி விழுந்து தொலைக்கக் கூடாதென்று, மொத்த நேரக் கணக்கை முடிவுக்கோட்டுக்கு 50 கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம், சும்மா சொல்லக் கூடாது.

அந்த மேடு இருக்கும் அதே 18ஆம் வட்டாரத்தில்தான் மார்க்ஸ் டோர்மோய் பகுதியும். கடைவாசலில் கொத்துரொட்டிப் பொதிக்குக் காத்துநிற்கும் டெலிவரித் தம்பிக்கும் அதே மேடு, அதே மழை. கைபேசிக்குள் ஓடும் மணிக்கூடு மட்டும் நனைவதில்லை, ஆகவே நிற்பதுமில்லை.

2016இல் பெல்ஜிய வீராங்கனை ஒருவரின் சைக்கிளுக்குள் ஒளித்த மோட்டார் பிடிபட்டு, ஆறு வருடத் தடை விழுந்தது. இப்போது சைக்கிள்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். தம்பியின் சைக்கிள் மோட்டாரை ரூ பஜோல் தெருப் பிள்ளையாரே கோயிலுக்குள் இருந்தபடி பார்த்துவிடலாம்; அவ்வளவு நேர்மை.

"ஊக்கமருந்து ஏதும்?" என்றேன்.

"பிளேன்ரீ அண்ணை. சீனி கொஞ்சம் கூட."

பொதி வந்துவிட்டது. ஹெல்மெட் கைப்பிடியிலேயே தொங்க, பறந்தார்.