பிணம் கனக்க வேண்டும்!

கே: கல்லூரியில் ஓவியம் படிக்காதவர் மாயாஜாலக் கதைகளுக்குப் படம் வரைய முடியுமா? (நிரவி வாசகர்)

ப: தாராளமாக. 1937-ல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலுக்கு அட்டைப்படமும் உள்படங்களும் வரைந்தவர், அதை எழுதிய டோல்கீனேதான். உத்தியோகம் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். நம் பக்கம் ஓவியர் பாபு இருந்தார். சென்னையில் சட்டம் படித்துவிட்டு ராமனையும் அனுமனையும் வரையப் போனார். கட்சிக்காரர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

கே: ‘அம்புலிமாமா’ சங்கரும் தானாகக் கற்றவரா? (திருநள்ளாறு வாசகர்)

ப: இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். ஆனால் வேதாளத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாதே! தோளில் பிணம், கையில் வாளோடு விக்கிரமாதித்தன் நடக்கும், அவர் வரைந்த அந்தப் படத்தைப் பாருங்கள். பிணம் கனக்கிறது. அது கனப்பதால்தான் அதற்குள் இருக்கும் வேதாளத்தையும் நம்புகிறோம்.

கே: காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு கற்பனைக்கு எங்கே போவது? (காரைக்கால் வாசகி)

ப: நல்ல கேள்வி, ஊர்தான் தப்பு! தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்ட காரைக்கால் அம்மையாரின் ஊரல்லவா இது? அவருடைய மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்கிற மும்முரத்தில் அந்தப் பேயுருவத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் சிற்பமாக, ஆடுகிற சிவனுக்கு அருகே உட்கார்ந்திருக்கிறார். 10-ம் நூற்றாண்டிலேயே கம்போடியாவின் பன்தியாய் ஸ்ரீ கோயில் வரை போய்விட்டார், பாஸ்போர்ட் இல்லாமல். அமெரிக்காவில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புச் சிலையில் கையில் தாளம், வற்றிய மார்பு, துருத்தும் எலும்பு. மனித உடம்பை அணுஅணுவாகப் பார்த்தவன்தான் அந்தப் பேயை வார்த்திருக்கிறான்.

கே: பிறர் படத்தைப் பார்த்து வரைவது திருட்டா? (கோட்டுச்சேரி வாசகர்)

ப: நோட்டுக்குள் இருக்கும்வரை பயிற்சி. கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டால் திருட்டு.

கே: “எனக்கு குருவே இல்லை” என்று பெருமையாகச் சொல்லலாமா? (நெடுங்காடு வாசகர்)

ப: வேண்டாம். திருவனந்தபுரம் அரண்மனையில் ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்க்க மட்டுமே ரவி வர்மாவுக்கு அனுமதி. பார்த்தே பிடித்துக்கொண்டார். தானாகக் கற்றவர் என்றால் குருவுக்குத் தெரியாத சீடர், அவ்வளவுதான்.

கே: டிராகன் வரைய ஆசை. எதைப் பார்த்து வரைவது? (திருமலைராயன்பட்டினம் வாசகி)

ப: காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள். பல்லுக்கு வாளை, செதிலுக்குக் கொடுவா, வாலுக்குத் திருக்கை. வரைந்து முடித்ததும் டிராகனைக் குழம்பு வைத்துவிடலாம்.