மாலை மரியாதையோடு ஒரு நாற்காலி

அமெரிக்காவில் உண்மை பேசினால் வேலை போய்விடும். இண்டியானாபொலிஸ் கலை அருங்காட்சியகத்துக்கு நேர்ந்தது அதுதான். 1883-இல் தொடங்கிய ஒரு கலைச் சங்கத்தின் வழிவந்த பழைய நிறுவனம் அது. வளாகம் 152 ஏக்கர். 2017 முதல் மொத்தத்துக்கும் நியூஃபீல்ட்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2021 தொடக்கத்தில் அருங்காட்சியகத்துக்கு இயக்குநர் தேவை என்று ஒரு விளம்பரம் போட்டார்கள். பக்கம் பக்கமாகப் பன்முகத்தன்மை, சமத்துவம், அரவணைப்பு. பந்தியில் பாயசம் ஓடுவதுபோல அந்தச் சொற்கள் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு வரி. புதிதாகப் பலதரப்பட்ட மக்களையும் உள்ளே வரவழைக்க வேண்டும், அதே சமயம் பரம்பரையாக வந்துகொண்டிருக்கும் முக்கியமான வெள்ளையர் கூட்டத்தையும் கைநழுவவிடக் கூடாது என்று அதற்குப் பொருள்.

மற்ற அருங்காட்சியகங்கள் வாய்க்குள் மென்றுகொண்டிருந்ததை இவர்கள் அச்சில் போட்டார்கள். குற்றம் அவ்வளவுதான். அப்போது தலைவராக இருந்த சார்ல்ஸ் வெனபிள், 'வெள்ளையர்' என்ற சொல் கைதவறி விழுந்ததல்ல, தெரிந்தேதான் போட்டோம் என்று பத்திரிகையிடம் விளக்கம் வேறு கொடுத்தார். பழைய கூட்டத்தைக் கைவிட மாட்டோம் என்று காட்டத்தானாம். உள்ளே வேலை செய்தவர்களும் குழுக்களில் இருந்தவர்களுமாக 85 பேர், அவர் விலகியே ஆக வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். பிப்ரவரி 17-ஆம் தேதி அவர் விலகினார். அதற்கு முன்பே விளம்பரத்திலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டார்கள். மிச்ச வரி அப்படியே இருந்தது. கூட்டமும் அப்படியே இருந்தது.

அந்தப் பரம்பரைக் கூட்டத்தின் ரசனைக்கு அருங்காட்சியகம் என்ன குறை வைத்திருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. மினி கோல்ஃப் இருந்தது. பீர் தோட்டம் இருந்தது. குளிர்காலத்தில் மரமெல்லாம் சீரியல் செட் கட்டி டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள். நான்காம் மாடியில் இருந்த சமகாலக் கலைக்கூடத்தை மொத்தமாகக் காலி செய்து, வான்கோ ஓவியங்களைச் சுவரிலும் தரையிலும் ஓடவிடும் ஒளிக்காட்சிக்குக் கொடுத்தார்கள். நாகரிகத்தைக் காப்பதென்றால் இவ்வளவு செலவாகும்.

அந்த விளம்பர விவகாரம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்த இடி என்று யாரும் சொல்ல முடியாது. கெல்லி மோர்கன் என்ற கறுப்பினக் காப்பாட்சியர் 2018-இல் அங்கே சேர்ந்தார். அமெரிக்கக் கலைப் பிரிவில் யாருடைய படம் தொங்குகிறது, யாருடைய படம் தொங்கவில்லை என்பதைச் சரிசெய்வது அவருடைய வேலை. 2020 ஜூலையில், உள்ளே நிலவும் சூழலே விஷம், பாகுபாடு என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறினார். ஏழு மாதம் கழித்துத்தான் அந்த விளம்பரம் சந்தி சிரித்தது. அந்தச் சமயம் நகரத்தின் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' தெரு ஓவியத்தை வரைந்த 18 கலைஞர்களை வைத்து ஒரு கண்காட்சியும் ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. அதை வடிவமைத்தவர்கள், இந்த லட்சணத்தில் நடத்த முடியாது என்று கையைக் கழுவினார்கள். வீட்டுக்குள் ஒரு கறுப்பினப் பெண்ணை மூச்சுவிட விடாமல், வாசலில் கறுப்பு உயிர்கள் முக்கியம் என்று கோலம் போட நினைத்திருக்கிறார்கள். ரசிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது பரிகாரம். ஓரங்கட்டப்பட்ட கலைஞர்களின் படைப்புகளை வாங்க இரண்டு கோடி டாலர் நிதி என்றார்கள். 2022-இல் கோலெட் பியர்ஸ் பர்னெட் தலைவராக வந்தார். ஆஸ்டின் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்றே உருவான ஹூஸ்டன்-டில்லட்சன் பல்கலைக்கழகத்தை நடத்திய அம்மையார். நியூஃபீல்ட்ஸின் முதல் கறுப்பினத் தலைவர். நம் பக்கம் கிடா வெட்டுக்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. பர்னெட் அம்மையாருக்கும் மாலை, படம், பேட்டி எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. பதினைந்தே மாதம். 2023 நவம்பரில் அவர் பதவியிலிருந்து இறங்குகிறார் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. நிர்வாகக் குழுவிலேயே சிலர் எழுந்து போனார்கள். விளம்பரத்தில் ஒரு சொல் கூடிப்போனதால் மானம் கெட்ட நிறுவனம், இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாமல் பிழைத்துக்கொண்டது. பாடம் படித்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த லே மோன்ட் புக்கரும் கறுப்பினத்தவர்தான். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிதி அதிகாரியாக இருந்தவர். பார்த்தீர்களா, எங்களுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று குழுவினர் சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. நாற்காலியில் உட்காருபவரின் நிறம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. நாற்காலி யாருடையது என்பதுதான் விஷயம்.

நாடகக்காரர்கள் இதில் அருங்காட்சியகத்தாருக்கு இளைத்தவர்கள் இல்லை. ஓரிகன் மாநிலத்தில் ஆஷ்லண்ட் என்ற சின்ன ஊரில் 1935 முதல் ஷேக்ஸ்பியர் விழா நடக்கிறது. 2019-இல் நடாகி கேரட் கலை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். வந்த வேகத்தில் கொரோனா, அரங்கம் பூட்டு. 2020 செப்டம்பரில் பக்கத்து ஊர்களைக் காட்டுத்தீ தின்றது. அரங்கம் திறந்ததும், எங்கள் ஷேக்ஸ்பியர் எங்கே, இதென்ன புது நாடகம் என்று பழைய ரசிகர்கள் ஆரம்பித்தார்கள். கொலை மிரட்டல் வந்தது. ஒரு நாடக இயக்குநர் மெய்க்காவலர் இல்லாமல் வெளியே போக முடியாத நிலை, அதுவும் ஹாம்லெட்டைப் போற்றும் ஊரில். 2023 ஜனவரியில் நிர்வாக இயக்குநர் விலகியதும் அந்தப் பொறுப்பையும் இடைக்காலமாக அவர் தலையிலேயே வைத்தார்கள். ஏப்ரலில் 25 லட்சம் டாலர் வந்தால்தான் இந்த ஆண்டு விழாவே நடக்கும் என்று நிறுவனம் ஊரெல்லாம் கையேந்தியது. மே மாதம் அவர் போய்விட்டார். நெருப்பு, நோய், கடன், மிரட்டல் எல்லாம் முடிந்து, இப்போது பேச்சு என்ன? அந்த அம்மா வந்துதான் விழா நொடித்துப்போனது.

சிகாகோவின் விக்டரி கார்டன்ஸ் நாடக அரங்கில் கதை இன்னும் சுருக்கம். 2021-இல் வந்த கறுப்பினக் கலை இயக்குநர் கென்-மாட் மார்ட்டினை 2022 ஜூலையில் குழு விடுப்பில் அனுப்பியது. அரங்கின் கலைஞர்கள் கூண்டோடு விலகினார்கள்.

எல்லா இடத்திலும் ஆள் மாறுகிறார், பணப்பெட்டி மாறவில்லை. அமெரிக்கக் கலை நிறுவனங்களின் அறங்காவலர் குழுக்களில் ஒரு தாரக மந்திரம் உண்டு: பணம் கொடு, இல்லையேல் கொண்டு வா, இரண்டும் முடியாதென்றால் எழுந்து போ. இயக்குநரைப் போடுவதும் தூக்குவதும் இந்தக் குழுதான். மெல்லன் அறக்கட்டளை 2015-இல் கணக்கெடுத்தபோது, கலை அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், கல்விப் பிரிவினர், தலைமை ஆகிய பதவிகளில் 84 சதவீதம் வெள்ளையர், 4 சதவீதம் கறுப்பினத்தவர். பணத்தைப் பார்த்தால் நிலவரம் இன்னும் அழகு. ஹெலிகான் என்ற ஆய்வுக் குழு 2017-இல் சொன்ன கணக்குப்படி, பெரிய நிறுவனங்களான 2 சதவீதத்தினர் நன்கொடையில் 58 சதவீதத்தை அள்ளிக்கொள்கிறார்கள். வெள்ளையரல்லாத சமூகங்களுக்காகவே இயங்கும் குழுக்களுக்கு அறக்கட்டளைகளின் கலை நிதியில் 4 சதவீதம். அங்கேயும் 4, இங்கேயும் 4. ஏதோ ராசியான எண் போலிருக்கிறது.

ஆனாலும் குழுவினரிடம் ஒரு சாக்கு எப்போதும் தயாராக இருக்கும்: தகுதியான ஆள் கிடைக்கவில்லையாம். டென்வரைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு மாநிலங்களின் கலைக் கூட்டமைப்பு, அதாவது 2024 முதல் 'கிரியேட்டிவ் வெஸ்ட்', பல ஆண்டுகளாக வெள்ளையரல்லாத இளந்தலைவர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடத்திவந்தது. அதில் பயின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொள்கை என்றால் என்ன, நிதிநிலை அறிக்கையை எப்படிப் படிப்பது, சட்டமன்ற உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் கற்றவர்கள். ஆள் இருக்கிறார்கள். பயிற்சி முடித்தவருக்கு இன்னொரு பயிற்சி, அது முடித்தவருக்கு ஒரு வழிகாட்டி, வழிகாட்டிக்கு ஒரு காலை விருந்து. தலைமுடி நரைக்கும்வரை வருங்காலத் தலைவர்.

2025-இல் இந்த வேடத்துக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக ஜனாதிபதியின் ஆணை வந்ததும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் அதற்கான அலுவலகங்களை மூடின. பதவியேற்ற மாதம்கூட முடியாதபோது இவ்வளவு சுறுசுறுப்பு. 1965 முதல் கலைக்கு நிதி கொடுத்துவந்த தேசிய நிறுவனம், வசதி குறைந்த சமூகங்களுக்கான 'சேலஞ்ச் அமெரிக்கா' மானியத்தையே எடுத்துவிட்டது. மே 2-ஆம் தேதி, ஏற்கெனவே அறிவித்த மானியங்களும் ரத்து என்று நாடெங்கும் மின்னஞ்சல் போயிற்று. ஆறு நாள் கழித்து காங்கிரஸ் நூலகத்தின் தலைமை நூலகர் கார்லா ஹேடன், அந்தப் பதவியின் முதல் பெண், முதல் கறுப்பினத்தவர், ஒரு மின்னஞ்சலில் வேலையிழந்தார். பயிற்சியில் ஏதும் குறை இருந்ததாக அதில் எழுதவில்லை.

ஆகவே எனக்கு ஒரு யோசனை. பயிற்சி மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்களே, அறங்காவலர்களுக்கே ஒன்று நடத்தினால் என்ன? டென்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், மூன்று நாள். முதல் நாள், நாற்காலியிலிருந்து எழுவது எப்படி. முழங்கால் பிடித்துக்கொண்டால் பிடித்துத் தூக்க ஆள் உண்டு. இரண்டாம் நாள், சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போகாமல் இருப்பது. மூன்றாம் நாள் செய்முறைத் தேர்வு: காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் என்ன நாடகம் போடுகிறார்கள் என்று ஓராண்டு கேட்காமல் இருக்க வேண்டும். தேறியவர்களுக்குச் சான்றிதழ். தேறாதவர்கள் வருங்கால அறங்காவலர்கள் பட்டியலில் காத்திருக்கலாம். மதிய உணவு உண்டு. பயணப்படி கிடையாது, சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் அதில் வரட்டும்.