சதுப்பில் சதுர அடி

சென்னையின் ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையில், வீடு விற்பவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லாதீர்கள். ‘ஏரி பார்த்த வீடு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கார்த்திகை மாதம் ஏரியே லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கிறது. கூடுதல் கட்டணம் கிடையாது.

2000-இல் டைடல் பார்க் வந்தது. பிறகு சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள். மென்பொருள் எழுத இளைஞர் கூட்டம் வந்து இறங்கியது. அவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும். பக்கத்தில் இளிச்சவாயாகக் கிடந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். பெரும்பகுதியைக் கட்டடமும் பெருங்குடிக் குப்பை மேடும் தின்று தீர்த்தன. மிச்சத்துக்கு 2022-இல் ராம்சார் சர்வதேச ஈரநில அங்கீகாரம் வாங்கிக் கொடுத்துக் கைதட்டிக்கொண்டோம்.

வாடகைக்கு வரும் இளைஞனிடம் முதல் கேள்வி: “பேச்சிலரா? ஃபேமிலிக்குத்தான் தம்பி குடுப்போம்.” தப்பிப் பிழைத்தால் பத்து மாத அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு உடன்பாடு இருந்தால் வாங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாவி வேண்டுமா, உடன்படு.

சொந்தமாக வாங்குகிறவன் கதி இன்னும் விசேஷம். மாடிப்படிக்கும் லாபிக்கும் சேர்த்துச் சதுர அடி விலை. பத்திரப் பதிவுக்கு 9 சதவீதம் வரை. இருபது வருஷ இ.எம்.ஐ. குடிக்க ஒரு லாரி, கழிவை அள்ள இன்னொரு லாரி. 2011-இல் இந்தச் சாலையோர ஊர்களில் பலவற்றைச் சென்னை மாநகராட்சியில் சேர்த்தார்கள். வரி ரசீது ஒழுங்காக வந்தது. பாதாளச் சாக்கடை ஆற அமர வந்துகொண்டிருக்கிறது. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் கம்பெனிகளே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. 2023 மிக்ஜாம் புயலில் அதே சாலைக்குப் படகு வந்தது. காரப்பாக்கத்தில் நடிகர் ஆமிர் கானையே ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘நட்சத்திரங்கள் வாழும் பகுதி’ என்று புரோக்கர் இனி தைரியமாகச் சொல்லலாம்.

இதே சதுப்பின் ஓரத்தில் அரசாங்கமும் வீடு கட்டியது. கூவக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை, ‘ஆற்றை ஆக்கிரமித்தீர்கள், வெள்ளம் வந்தால் உயிர் போகும்’ என்று பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடியில் ஏற்றியது. வெள்ளத்துக்குப் பயந்தவர்களை வெள்ளம் தேங்கும் இடத்தில் குடிவைத்த கருணையை என்னவென்று சொல்ல! பிள்ளையின் பள்ளிக்கூடமும் அப்பனின் வேலையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த வீட்டுப் பெண்கள் இப்போது ‘ஏரி பார்த்த’ ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். ஏறிப் போக அவர்களுக்குத் தனி லிஃப்ட்.

தண்ணீர்க் கரையில் ஓலை வேய்ந்தவனுக்கு புல்டோசர். தண்ணீரையே மூடி இருபது மாடி எழுப்பியவனுக்குத் திட்ட அனுமதி, வங்கிக் கடன், பூமி பூஜைக்கு அமைச்சர். மூழ்கிய குடியிருப்புகளின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை எந்த ஆட்சியாவது வெளியிட்டதா? வெளியிடாது. கையெழுத்து எல்லா ஆட்சியிலும் விழுந்திருக்கிறது.

2023-இல் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய். ஓ.எம்.ஆரில் அன்று அந்தக் காசுக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி வாங்கியிருக்கலாம். அதிலும் கால்வாசி மாடிப்படிக்குப் போயிருக்கும்.