இப்பப் பாரு!

டேட்டாபேஸ் அண்ணனுக்கு மவுஸ் என்றாலே இளக்காரம். கறுப்புத் திரை, அதில் பொடி எழுத்து, அவ்வளவுதான் அவர் உலகம். சைட் இழுக்கிறது என்று போய் நின்றால் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டுவார். என்ன தட்டினார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் கண்ட்ரோல் எல் போட்டுத் திரையைத் துடைத்துவிட்டு, நாற்காலியைச் சுழற்றி, "இப்பப் பாரு" என்பார்.

பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எரிச்சலே அதில்தான்.

மைஎஸ்க்யூஎல்லில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் என்று ஒன்று உண்டு. நாமாக எதுவும் மாற்றாவிட்டால் 151. அது நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவருக்கு "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்" என்று கதவடைப்பு. நிர்வாகிக்கு மட்டும் கூடுதலாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். அண்ணன் அந்த இடுக்கில் நுழைந்து, ஷோ வேரியபிள்ஸ் போட்டுப் பார்த்து, செட் குளோபல் என்று ஒரே வரியில் 500 ஆக்கிவிடுவார். சர்வரை நிறுத்த வேண்டாம், மேனேஜரை எழுப்ப வேண்டாம். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை.

ஆனால் செட் குளோபல் செய்தது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு சரி. ஒருமுறை நின்று எழுந்தால் அது மை டாட் சிஎன்எஃப் ஃபைலைப் படித்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லையென்றால் பழையபடி 151-க்கே போய்விடும். அந்த ஃபைலை அண்ணன் தொட்டதே இல்லை. கேட்டால் "எழுதிடலாம்" என்பார். பாட்டி வைத்தியம் மாதிரி எல்லாம் கைக்கணக்கு.

ஞாயிறு ராத்திரி பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்வார்கள். திங்கள் காலை, அண்ணன் வருஷம் முழுக்கப் பார்த்த வைத்தியம் அத்தனையும் காலி. 64 ஜிபி மெமரி உள்ள சர்வரில் பஃபர் பூல் 128 எம்பியில் வந்து உட்கார்ந்திருக்கும். அண்ணனோ கும்பகோணத்தில், மச்சினன் கல்யாணத்தில்.

"அண்ணா, பஃபர் பூல் எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"சர்வர்லயே பாரேன், தெரியும்."

"சர்வர்லதான் இல்லையேண்ணா!"

அதற்குள் கெட்டிமேளம்.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள் வேரியபிள்ஸ் இன்ஃபோ என்று ஒரு டேபிள் இருக்கிறது. எந்த செட்டிங்கை யார், எப்போது மாற்றினார் என்று சொல்லிவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு நாள் ஆசையோடு திறந்தேன். மாற்றியவர்: ரூட். எங்கள் ஆபீஸில் வாட்ச்மேனைத் தவிர எல்லாரும் ரூட்தான்.

இத்தனைக்கும் மனுஷர் தங்கம். புதிதாகச் சேர்ந்த பெண் வெயிட் டைம்அவுட்டை 600 நொடிக்குக் குறைத்துவிட்டு, வெளியே வந்து திரும்ப உள்ளே போய்ப் பார்த்தாள். பழைய 28,800-தான் காட்டியது. எதையோ உடைத்துவிட்டோம் என்று அழுகிற நிலை. அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கமாண்ட் லைன்ல நேரா உள்ள வர்றவங்களுக்கு இன்டராக்டிவ் டைம்அவுட் கணக்கும்மா. ஷோ குளோபல் போட்டுப் பாரு, நீ வெச்ச 600 இருக்கும். நீ சரியாத்தான் பண்ணியிருக்க" என்று பொறுமையாகச் சொன்னார். டீ ஆறிப்போனது. வேறு யார் வந்து சொல்வார்கள்?

சரி, அதனால் மட்டும் விட்டுவிட முடியுமா? 2018-இலேயே செட் பெர்சிஸ்ட் வந்துவிட்டது. குளோபல் என்று தட்டும் இடத்தில் பெர்சிஸ்ட் என்று தட்டினால், சர்வரே அதை ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை எழும்போது படித்துக்கொள்ளும். இதை அண்ணனிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாம பின்னாடி அது ஒரு ஃபைல்ல எழுதிவெக்குமாம். அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா" என்றார்.

பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதன் கஷ்டம் அவருக்கும் புரிகிறது, பாருங்கள்! அண்ணா, பெர்சிஸ்ட் பிடிக்காவிட்டால் போகட்டும். தினமும் காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூ வைத்து குட்மார்னிங் அனுப்புகிறீர்களே, அதற்குக் கீழேயாவது அந்த நம்பரைப் போட்டுத் தொலையுங்கள்.